சாலைக்கு அடியில் யாருக்கு எவ்வளவு இடம்?

2013 மார்ச் மாதம் சட்டமன்றத்தில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா ஓர் அறிவிப்பு செய்தார். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் தூரம் போக வேண்டியிருந்தது. அதை விளைநிலத்தின் வழியே கொண்டுபோகக் கூடாது, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டித்தான் பதிக்க வேண்டும் என்பது அறிவிப்பு. விவசாயிகள் போராடிக் கேட்டதும் அதையேதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாக முடிந்தது.

தீர்ப்பு வந்துவிட்டாலும் விவசாயிகள் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. சாலைக்கென்று ஒரு முறை நிலம் கொடுத்தாயிற்று. குழாய்க்கென்று மறுபடியும் ஏன் எங்கள் தோட்டத்துக்கு வருகிறீர்கள்? மிக நியாயமான கேள்வி. இதற்குப் பொறியியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நான்குவழி நெடுஞ்சாலைக்குப் பொதுவாக 60 மீட்டர் அகல நிலம் எடுக்கிறார்கள். நடுவில் ஓடுதளம், இரு புறமும் மண் கரையின் சரிவு, மழைநீர் வடிகால், ஊர் வரும் இடங்களில் சேவைச் சாலை, ஓரத்தில் மரங்கள். இவையெல்லாம் போக, எல்லையை ஒட்டி 2 மீட்டர் அகலப் பட்டை ஒன்றைக் குழாய், கேபிள்களுக்கென விட்டுவைக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் நான்குவழிச் சாலைக் கையேடு சொல்கிறது. உயர் அழுத்த எரிவாயுக் குழாய்க்கு அந்த 2 மீட்டர் எந்த மூலைக்கும் போதாது. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கெயில் இந்தக் குழாய்க்காக எடுத்த பயன்பாட்டு உரிமைப் பட்டையின் அகலம் 20 மீட்டர். பள்ளம் தோண்டி, மண்ணை ஒருபுறம் குவித்து, மறுபுறம் குழாய்களை வரிசையாக வைத்துப் பற்றவைத்து, கிரேனால் தூக்கி இறக்க அவ்வளவு இடம் வேண்டும்.

அகலத்தை எப்படியோ சமாளித்தாலும் அடுத்து நிற்பது ஆபத்தின் கணக்கு. குழாய் வெடித்தால் தீயின் வெப்பம் எவ்வளவு தூரம் உயிரைப் பறிக்கும் என்று மதிப்பிட அமெரிக்கப் பொறியாளர்கள் ஓர் எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். குழாயின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, உள் அழுத்தத்தின் வர்க்கமூலத்தாலும் 0.69 என்ற எண்ணாலும் பெருக்கினால் ஆரம் அடியில் கிடைக்கும். அழுத்தத்தை ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவில் எடுக்க வேண்டும். 24 அங்குலக் குழாய், 90 பார் அழுத்தம் என்று வைத்துப் பார்த்தால் சுமார் 180 மீட்டர் வருகிறது. 60 மீட்டர் நிலத்துக்குள் குழாயை எந்த ஓரத்தில் பதித்தாலும் முழுச் சாலையும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். 2004இல் பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியன் பகுதியில் 24 பேரைப் பலிகொண்ட எரிவாயு வெடிப்பு எப்படி நேர்ந்தது? கட்டுமான இயந்திரம் ஒன்று குழாயை உரசி அதன் சுவரை மெலியவைத்திருந்தது. அப்போது ஒன்றும் ஆகவில்லை. பின்னர் அழுத்தத்தைக் கூட்டியபோது பிளந்தது. நம் நெடுஞ்சாலை ஓரங்களில் பொக்லைன் வந்து போகாத வருஷம் ஏது?

ஆகவே குழாயைச் சாலையோரம் கொண்டுவரத் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதே சமயம், தோட்டத்து வீட்டில் குடியிருப்பவருக்கும் அந்த 180 மீட்டர் அதே 180 மீட்டர்தான். வெப்பம் ஆள் பார்த்துச் சுடாது. என் பார்வையில் தவறு நேர்ந்தது வரிசையில். அந்த வழித்தடத்தில் நான்குவழிச் சாலையின் பெரும்பகுதி போட்டு முடித்த பிறகே குழாய்க்கான பேச்சு உச்சத்துக்கு வந்தது. நிலம் அளக்கும்போதே சாலை, குழாய், மின்பாதை மூன்றுக்கும் ஒரே வரைபடம் போட்டிருந்தால், தேவையான இடத்தில் பட்டையை அகலமாக்கி, ஊர் நெருங்கும் இடத்தில் தடித்த சுவருள்ள குழாயைக் குறித்து, இழப்பீட்டையும் ஒரே தடவையில் பேசி முடித்திருக்கலாம். வயல்வெளி வழியே புதிதாகப் போடும் விரைவுச் சாலைகளில் இந்த வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது.

ஒரே பட்டையில் எல்லாவற்றையும் சேர்த்துப் புதைத்துவிட முடியுமா என்றால், முடியாது. உயர் அழுத்த மின்பாதையும் இரும்புக் குழாயும் பல கிலோமீட்டர் இணையாக ஓடினால், கம்பியின் மாறுதிசை மின்னோட்டம் குழாயில் மின்னழுத்தத்தைத் தூண்டும். மேற்பூச்சு நன்றாக இருக்கும் குழாயில்தான் இது அதிகம், ஏனெனில் மண்ணில் வடிய வழியில்லை. வால்வைத் தொடும் தொழிலாளிக்கு அதிர்ச்சி ஏற்படாமலிருக்க இதை 15 வோல்ட்டுக்குள் அடக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. புதைத்த மின்கேபிளுக்கு வேறு சிக்கல்: அது வெளிவிடும் வெப்பத்தை மண் கடத்தியாக வேண்டும். சூட்டில் சுற்றியுள்ள மண் காய்ந்தால் கடத்தும் திறன் குறையும், கேபிள் இன்னும் சூடாகும், கடைசியில் அதில் அனுப்பும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டிவரும். குடிநீர்க் குழாய் உடைந்தால் கரை மண்ணையே அரித்துக்கொண்டு போய்விடும் என்பதால் அது கரையின் அடிவாரத்துக்கு வெளியே இருப்பது நல்லது. கண்ணாடி இழைக்கு இந்த மின்தூண்டல் தொல்லை கிடையாது. அதற்கு வேண்டியது திடீர் வளைவு இல்லாத பாதை, அவ்வளவுதான்.

இப்படி யோசித்து இடம் ஒதுக்காவிட்டால் பின்னால் வருவது வெட்டு. நெடுஞ்சாலையில் ஜல்லி அடுக்குகளுக்குக் கீழே உள்ள அரை மீட்டர் மண் படுகையை, சோதனைக்கூடத்தில் கண்ட உச்ச உலர் அடர்த்தியில் 97 சதவீதத்துக்குக் குறையாமல் ரோலர் விட்டு இறுக்கியிருப்பார்கள். அதன் குறுக்கே பள்ளம் தோண்டினால், அதுவரை ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருந்த மண், வெட்டின் இரு சுவர்களிலிருந்தும் உள்பக்கமாகச் சரியப் பார்க்கும். பள்ளத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை படுகை தளர்ந்துவிடுகிறது. திரும்ப மூடும்போது குறுகலான குழிக்குள் பெரிய ரோலர் இறங்காது. மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டிய மண்ணை ஒரே மூச்சில் தள்ளி, மேலே தார்க் கலவை பூசிவிடுகிறார்கள். பழைய தாரும் புதிய தாரும் சேரும் கோட்டில் மழைநீர் இறங்குகிறது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அந்த இடத்தில் வண்டி குதிக்கும்.

வெட்டாமலும் குறுக்கே போகலாம். சாலையின் ஒரு பக்கத்தில் நிற்கும் இயந்திரம், சாய்வாகத் தரைக்குள் ஒரு துரப்பணக் கம்பியைச் செலுத்துகிறது. அதன் தலைக்குப் பின்னால் ஒரு சிறிய அலைபரப்பி இருக்கும். மேலே ஒருவர் கையில் கருவியோடு நடந்துகொண்டே, தலை இப்போது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டு இயக்குபவர் தலையைத் திருப்புவார். துளை இடிந்துவிடாமல் பென்டோனைட் களிமண் குழம்பு உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். மறுபக்கம் தலை வெளிவந்ததும் அதைக் கழற்றி, துளையை அகலமாக்கும் ரீமரை மாட்டி, குழாயைப் பின்னாலேயே இழுத்துவருவார்கள். கச்சிதமான தொழில்நுட்பம், ஆனால் செலவு பிடிக்கும். சாலை போடும்போதே சில நூறு மீட்டருக்கு ஒன்றாக வெற்றுக் குழாய்களைக் குறுக்கே போட்டு, இரு முனையையும் அடைத்து, இடத்தைக் குறித்து வைத்துவிட்டால் இத்தனை வேலைக்கும் அவசியமே இல்லை. இவ்வளவு மலிவான ஏற்பாட்டை ஒப்பந்தங்கள் தாராளமாகச் சேர்க்காமல் விடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஜப்பான் இதற்கு 1963இலேயே சட்டம் போட்டது. நெரிசலான முக்கியச் சாலைகளுக்கு அடியில் தொலைபேசி, மின்சாரம், எரிவாயு, குடிநீர் எல்லாவற்றுக்கும் பொதுவான சுரங்கம் கட்டுவார்கள். கட்டிய பிறகு அந்தச் சாலையின் மேல்தளத்தைப் புதிதாகத் தோண்ட அனுமதி கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. பல நூறு கிலோமீட்டர் நீளும் நெடுஞ்சாலை முழுதும் சுரங்கம் கட்ட நம்மால் ஆகாது, தேவையும் இல்லை. தோண்டத் தடை என்ற அந்தப் பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பதித்ததன் கணக்கும் வேண்டும். பிளாஸ்டிக் குழாயை மின்காந்தக் கருவி கண்டுபிடிக்காது. கூடவே ஒரு செம்புக் கம்பியைப் புதைத்திருந்தால் கண்டுபிடிக்கும். தரை ஊடுருவும் ரேடார் உலர்ந்த மணலில் நன்றாகப் பார்க்கும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது அதன் களிமண் அலையை விழுங்கிவிடும், ஒரு மீட்டர் ஆழம்கூடத் தெரியாது. அங்கெல்லாம் பதிக்கும் நாளில் எடுத்துவைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுதான் துணை. தோண்டப் போகிறவர் முன்கூட்டியே தெரிவிக்கவும், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருப்பவர்கள் எச்சரிக்கை பெறவும் மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. அளவுகள் ஏறினால்தான் அந்தச் செயலிக்குப் பயன்.

கொங்குப் பகுதியில் புதுச் சாலை வரும்போது கிணறு ஒரு பக்கமும் தோட்டம் மறுபக்கமுமாகப் பிரிந்துவிடுவது சாதாரணம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ அறிவிக்கை வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு. இழப்பீட்டை மட்டும் பேசிவிட்டு வராமல், எந்தப் புல எண்ணில் கிணறு, எதில் தோட்டம், எத்தனை அங்குலப் பாசனக் குழாய் குறுக்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து, நில எடுப்பு அலுவலரிடமும் திட்ட இயக்குநரிடமும் அந்தக் கட்டத்திலேயே கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்கிவிடுங்கள். அப்போது அது வரைபடத்தில் கூடுதலாக ஒரு கோடு. சாலை திறந்த பிறகு அதே குழாய்க்கு அனுமதி, உரிமக் கட்டணம், வங்கி உத்தரவாதம், துளையிடும் இயந்திரத்தின் வாடகை என்று அலைய வேண்டியிருக்கும்.