நட்சத்திரம் விழுங்கிய ஊர்கள்

குட்டீஸ், சீட்டுக்கட்டில் ஜோக்கர் எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் நிற்கும் அல்லவா? கணினியில் தேடும்போதும் அப்படி இரண்டு ஜோக்கர்கள் உண்டு. நட்சத்திரக்குறி (*) எத்தனை எழுத்துக்கும் பதிலாக நிற்கும். கேள்விக்குறி (?) ஒரே ஒரு குறிக்கு மட்டும். இவற்றை 'வைல்டுகார்டு' என்பார்கள்.

வேர்டில் கன்ட்ரோலுடன் 'எச்' அழுத்துங்கள். பெட்டியில் 'மோர்' (குடிக்கிற மோர் அல்ல!) என்பதைத் தட்டி, 'யூஸ் வைல்டுகார்ட்ஸ்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கணினி வெறும் நட்சத்திரத்தைத்தான் தேடும்.

ஓய்வுபெற்றபின் என் பழைய மாணவர்களின் முகவரிகளைத் தட்டச்சு செய்து வைத்தேன். சிலர் பெருங்களத்தூர் என்றும், சிலர் பெருங்குளத்தூர் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரே அடியில் திருத்திவிடலாமென்று 'ப*ர்' எனத் தேடி 'பெருங்களத்தூர்' என மாற்றச் சொன்னேன். 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தி, சேமித்து மூடியும் விட்டேன்.

என்ன ஆயிற்று தெரியுமா? நீங்களே செய்து பாருங்கள். 2021-ல் ஒன்றாகச் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆன ஊர்களை இப்படி அடியுங்கள்: தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், திருநீர்மலை. பிறகு நான் செய்ததைச் செய்யுங்கள்.

தாம்பெருங்களத்தூர், செம்பெருங்களத்தூர், பெருங்களத்தூர்க்கன்காரணை, மாடம்பெருங்களத்தூர்மலை!

பத்து ஊர் நாலாகிவிட்டது. தாம்பரத்துக்குள் இருக்கும் 'ப'வைப் பிடித்த கணினி, அனகாபுத்தூரின் 'ர்' வரும்வரை நடுவிலிருந்த அனைத்தையும் நட்சத்திரத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டது. சொல் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. என் பட்டியலில் ஊர்களோடு பிள்ளைகளின் பெயர்களும் போயின. மூடாமல் இருந்திருந்தால் கன்ட்ரோலுடன் 'இசட்' அழுத்தி மீட்டிருக்கலாம்.

'பெருங்*ளத்தூர்' என்று தேடியிருக்க வேண்டும். மாறுகிற இடத்தில் மட்டும் நட்சத்திரம். கேள்விக்குறியிலும் ஒரு சங்கதி உண்டு. நமக்குப் பம்மல் நான்கெழுத்து. யூனிகோடில் புள்ளியும் தனிக் குறி என்பதால் கணினிக்கு அது ஆறு!

பழைய நோட்டைப் பார்த்து மறுபடி அடித்தேன். இம்முறை பெயருக்கும் முகவரிக்கும் நடுவே வரிசைப் புள்ளிகள் வைத்தேன். புள்ளியை முப்பது தடவை தட்டாதீர்கள், கோணல்மாணலாகிவிடும். 'டேப்ஸ்' பெட்டியில் முகவரி தொடங்கும் தூரத்தைக் கொடுத்து, 'லீடர்' என்பதில் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, பெயரை அடித்து டேப் விசையை அழுத்தினால், இடைவெளியைக் கணினியே நிரப்பிவிடும்.

நோட்டில் மை அழிந்துபோன ஆறு பிள்ளைகளின் பெயருக்கு எதிரே புள்ளிகள் மட்டுமே நிற்கின்றன.