பில் மெஷினுக்குத் தமிழ் தெரியுமா?

செட்டிநாட்டுச் சாக்கோட்டைல இருந்து பேசுறேன். நம்ம தென்மாவட்டங்கள்ல மொய்யைக்கூட இப்பக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, கையோட ரசீது கொடுத்துடுறாங்க. திரையில தமிழ் சுத்தமாத் தெரியும். அந்த எழுத்தையே அப்படியே பில் மெஷினுக்கு அனுப்பினா, பல மெஷின்ல கிரேக்க எழுத்தும் கோடும் கட்டமுமா வந்து விழும். மெஷின் ரிப்பேர் இல்லைங்க. அதுக்கு யாரும் தமிழ் சொல்லிக்கொடுக்கலை.

நம்ம ஊர்ப் பேரையே எடுத்துக்குவோம். சா, க், கோ, ட், டை. அஞ்சு எழுத்து. யூனிகோடுல இது பத்துக் குறியீடு. 'சா'வுக்குச் சகரம் தனி, கால் தனி, 'க்'குக்குப் புள்ளி தனி. யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு குறியீடும் மூணு பைட். ஆக முப்பது பைட். மெஷினோ ஒரு பைட்டை ஒரு எழுத்தா எடுத்துக்கும். 1981ல ஐபிஎம் பி.சி.யோட வந்த 437ங்கற எழுத்துப் பட்டியல்தான் பல மெஷின்ல இன்னும் முதல்ல இருக்கு. இந்தப் பத்துக் குறியீடும் ஒரே பைட்டுல தொடங்கும். அந்தப் பட்டியல்ல அந்த இடத்துல இருக்கறது ஆல்ஃபா. அதனால சாக்கோட்டைக்குப் பதிலாப் பத்து ஆல்ஃபா, நடுநடுவுல குப்பை.

பட்டியலை மாத்தினா மட்டும் சரியாகிடாது. 'கோ'வுக்குக் கொம்பு முன்னாடி, கால் பின்னாடி. குறியீடு வர்றதோ ககரத்துக்கு அப்புறம். கொம்பைத் தூக்கி முன்னாடி வைக்க மெஷினுக்குத் தெரியணும். தமிழக அரசு 2010ல யூனிகோடோட சேர்த்து ஏத்துக்கிட்ட டேஸ்16ங்கற குறியீட்டு முறையில இந்தச் சிக்கலே இல்லை. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம், சாக்கோட்டைக்கு அஞ்சே குறியீடு. ஆனா அது இருக்கறது யூனிகோடோட தனிப்பயன் பகுதியில. அங்க எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு உலகப் பொதுவா முடிவு கிடையாது.

எப்சன் கம்பெனியோட பில் மெஷின் கட்டளைத் தொகுப்புல தமிழுக்கு 68ன்னு ஒரு எழுத்துப் பட்டியலே இருக்கு, ஆனா எல்லா மாடல்லயும் கிடையாது. அதனால தமிழைப் படமா மாத்தி அனுப்புறோம். 80 மி.மீ. தாள்ல குறுக்க 576 புள்ளி. 24 புள்ளி உயரத்துல ஒரு வரிப் படம் 1,728 பைட். ஆங்கிலம்னா அதே வரிக்கு 48 பைட் போதும்.

எனக்கு ரொம்ப ஆதங்கம் கணக்குக் குறிகளைப் பத்தித்தான். பழைய பேரேட்டுல வர்ற ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், இதெல்லாம் 2003லயே யூனிகோடுல ஏறிடுச்சு. முந்திரிங்கற 1/320 பின்னம்கூட 2019ல ஏறிடுச்சு. வட்டிக்கணக்குல பேர் வாங்குன செட்டிநாட்டுலயே சாதாரண பில் மெஷினுக்குள்ள இதுக்கு இடமில்லைன்னா மனசு ஒப்பலை.

கைபேசியில 22 இந்திய மொழியும் படிக்க வரணும்னு ஐ.எஸ். 16333ங்கற இந்தியத் தரம் 2016ல சொல்லிடுச்சு. பில் மெஷினுக்கும் எந்தெந்த எழுத்துன்னு பேர் சொல்லி ஒரு தரம் வேணும். 247 எழுத்து, கிரந்த வரிசை, ஸ்ரீ, தமிழ் எண், இந்தக் கணக்குக் குறிகள், எல்லாம் அதுல வரணும். அதுவரைக்கும் மெஷின் வாங்குறவங்க காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கடையிலயே கோட்டையூர், கௌரி, ஸ்ரீநிவாசன்னு மூணு பேரை அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. படமா இல்லை, எழுத்தாவே அனுப்பச் சொல்லுங்க.