தாத்தாவின் காதா, மாடி அறையா?



எங்க தாத்தா பாட்டு வாத்தியார். நாற்பது வருஷமாகத் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறார். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் போன வருஷம் மாடி வீடு கட்டினோம். தாத்தாவுக்கென்று மாடியில் 12 அடிக்கு 12 அடி தனி அறை. 10 அடி உயரம். பளபளவென்று டைல்ஸ் தரை, வழவழவென்று பட்டி பார்த்த சுவர். அங்கே வகுப்பு ஆரம்பித்து ரெண்டே மாசத்தில் ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "காது போயிடுச்சும்மா. பசங்க ரெண்டாம் காலம் பாடினா ஒரே இரைச்சலா இருக்கு. வர்ற மாசத்தோட நிறுத்திடறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. வாசலில் உட்கார்ந்து பேசினால் தாத்தாவுக்கு எல்லாம் கேட்கிறதே! மாடி அறையில் மட்டும் ஏன் கேட்கவில்லை?

அந்த அறைக்குப் போய் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினேன். 'டர்ர்ர்ர்' என்று இழுத்தது. எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமென்றால் சுவர் சுமார் 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். எங்கள் அறையோ நாலு மீட்டர்கூட இல்லை. இயற்பியல் சாரிடம் கேட்டேன். "அது எதிரொலி இல்லை, எதிர்முழக்கம்" என்றார். சுவரில் பட்ட ஒலி திரும்பி எதிர்ச் சுவரில் படுகிறது, மறுபடி திரும்புகிறது. சிமெண்டும் டைல்ஸும் ஒவ்வொரு தடவையும் நூற்றில் மூன்று பங்கு போலத்தான் விழுங்கும். மிச்சம் அறைக்குள்ளேயே பந்து மாதிரி குதித்துக்கொண்டிருக்கும்.

சார் சொன்ன கதை இது. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அது அடங்க ஐந்தரை வினாடி ஆனதாம். அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. அவர் ராத்திரி நேரத்தில் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. ஒலியை முழுசாக விழுங்கும் பொருளுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவு என்ன தெரியுமா? திறந்த ஜன்னல்! வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா?

இதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று பட்டது. எங்கள் பழைய வீட்டில் தாத்தா பாட்டு சொல்லிக்கொடுத்தது கூடத்தில், முற்றத்து ஓரம். முற்றம் என்பது வானத்தைப் பார்த்த பெரிய ஜன்னல்தானே! அதை இடித்துவிட்டு, ஒலி தப்பிக்க வழியில்லாத பெட்டியைக் கட்டி அதில் தாத்தாவை உட்கார வைத்துவிட்டோம்.

சபைனின் சூத்திரம் ரொம்ப எளிது. அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் மொத்தப் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுக்க வேண்டும். கிடைப்பது, ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம். எங்கள் அறை சுமார் 41 கன மீட்டர். காலி அறைக்கு 3 வினாடி வந்தது. தாத்தாவும் நாலு பிள்ளைகளும் உட்கார்ந்தால் ஒன்றரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே. (ஆளும் ஒலியை விழுங்கும்!) வினாடிக்கு நாலு ஸ்வரம் பாடினால், 'ப' பாடும்போது 'ஸ ரி க ம' நாலும் இன்னும் அறைக்குள் சுற்றுகின்றன. நம் காதே திணறும். வயதான காதுக்குக் கேட்கவே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாமா முட்டை அட்டை ஒட்டச் சொன்னார், சித்தப்பா தெர்மாகோல் என்றார். ரெண்டும் வேண்டாம். முட்டை அட்டை ரொம்ப மெல்லிசு. தெர்மாகோலில் காற்றுக் குமிழ்கள் மூடியே இருப்பதால் ஒலி உள்ளே நுழையாது. தீப்பிடித்தால் அதைவிட ஆபத்து. நமக்கு வேண்டியது காற்று புகுந்து புறப்படும் கனமான பொருள். பஞ்சின் இடுக்குகளில் காற்று உரசி ஒலி வெப்பமாகிவிடும்.

பரணில் பழைய இலவம்பஞ்சு மெத்தை மூன்று கிடந்தது. ரெண்டு நாள் வெயிலில் போட்டேன். எங்கே வைப்பது என்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. மாணவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். தம்பி முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே போனான். எந்த இடத்தில் தாத்தா முகம் தெரிகிறதோ, என் குரல் அந்த இடத்தில் பட்டுத்தான் அவரிடம் போகிறது. ரெண்டு பக்கச் சுவரிலும் அந்த இடத்தில் ஆளுக்கொரு மெத்தை, சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு. சுவரை ஒட்டினாற்போல் காற்று அதிகம் அசையாது, கொஞ்சம் தள்ளித்தான் அசையும். அதனால்தான் இடைவெளி. பின்சுவர் முழுக்கக் கனத்த போர்வைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். தரைக்கு ஜமுக்காளம். தாத்தா குரலுக்கு 'ம்ம்' என்று கூடவே அதிர்ந்த இரும்பு பீரோவைக் கீழே இறக்கினோம். போர்வை பக்கத்தில் இருந்த குத்துவிளக்கையும் மாற்றி வைத்தோம்.

மூன்றாவது மெத்தையையும் வைத்தேன். தாத்தா ரெண்டு வரி பாடிவிட்டு, "தலகாணிக்குள்ள பாடற மாதிரி இருக்கு, எடும்மா" என்றார். எடுத்துவிட்டேன். கணக்குப்படி இப்போது முக்கால் வினாடிக்கும் குறைவு. மிருதங்கத்தின் தொப்பி ஒலி மட்டும் இன்னும் மூலையில் குமுறுகிறது. அது நீளமான அலை. மெத்தைக்கெல்லாம் மசியாது.

அடுத்த வகுப்பில் நான் ரெண்டாம் காலம் பாடும்போது தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். "ரி கொஞ்சம் தாழ்ந்திருக்கு பாரு." திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். காது டாக்டரிடமும் காட்டினோம். கொஞ்சம் குறைவு இருப்பது நிஜம்தானாம். ஆனால் வகுப்பு நிற்கவில்லை.

ஒரு பிரச்சினை பாக்கி. பக்கத்து வீட்டு அக்கா பிளஸ் டூ படிக்கிறார். மெத்தை வைத்தபிறகும் சத்தம் அப்படியே கேட்கிறதாம். கேட்கத்தான் செய்யும். மெத்தை உள்ளே சுற்றும் ஒலியைக் குறைக்குமே தவிர, வெளியே போவதைத் தடுக்காது. அதற்குக் கனமான கதவும், இடுக்கில்லாத ஜன்னலும் வேண்டும். இப்போதைக்குக் கதவின் கீழ் இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வைத்திருக்கிறோம். அந்த அக்காவின் பரீட்சை முடியும்வரை மிருதங்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி