சாக மறுக்கும் அணுக்கள்

பிறந்தவர் ஒரு நாள் இறக்கத்தான் வேண்டும். இந்த விதி நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களுக்கும் உண்டு. வேலை முடிந்ததும் அவை தாமாகவே மடிகின்றன. மடிய மறுத்து உடம்பிலே குவிந்தால்? அதுவும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்தான். "நாட்பட்ட லிம்போசைட் லுகேமியா" என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுப்பும் நெருப்பும்

அணுவின் சாவு அதற்கு உள்ளேயே இருக்கிறது! அணுவுக்குச் சக்தி ஆக்கித் தருபவை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள். வீட்டு அடுப்பைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். சோறு ஆக்கும் நெருப்பு, அடுப்பை விட்டு வெளியே வந்தால் வீட்டையே எரித்துவிடும் அல்லவா? மைட்டோகாண்ட்ரியாவின் உறையில் ஓட்டை விழுந்தால், சக்தி ஆக்க உதவும் "சைட்டோகுரோம்-சி" என்ற புரதம் வெளியே கசிகிறது. உடனே, அணுவை அறுத்துப் போடும் என்சைம்கள் விழித்துக் கொள்கின்றன. 1996-ல் அமெரிக்காவில் ஷியாவ்டாங் வாங் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள்.

காவல்காரன்

ஓட்டை விழாமல் தடுக்க ஒரு காவல்காரன் உண்டு. அதன் பெயர் "பி.சி.எல்-2". இந்தப் புரதம் அணுவைச் சாகவிடாமல் காக்கிறது என்று 1988-ல் மெல்போர்ன் நகரில் டேவிட் வாக்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். இந்த நோயில் காவல்காரன் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறான்.

பழைய மருந்துகள் பெரும்பாலும் அணுவின் மரபுப் பொருளைக் காயப்படுத்துகின்றன. "பி-53" என்ற புரதம் அந்தச் சேதியை மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொண்டு போகிறது. சில நோயாளிகளுக்கு 17-வது குரோமோசோமில் ஒரு துண்டு போய்விடுவதால், இந்தத் தூதன் இல்லை. ஆகவே பழைய மருந்துகள் அவர்களுக்குச் சரியாகப் பலிப்பதில்லை.

"வெனிடோகிளாக்ஸ்" என்ற மாத்திரை தூதனுக்காகக் காத்திருப்பதில்லை. நேரே போய்க் காவல்காரனின் கையைக் கட்டிவிடுகிறது! 2016-ல் அமெரிக்க அரசாங்கம் இதை முதன்முதலாக அனுமதித்தது, தூதனை இழந்த அந்த நோயாளிகளுக்குத்தான். வாக்ஸின் கண்டுபிடிப்பு மாத்திரையாக மாற 28 ஆண்டுகள் ஆயின.

வேகமே ஆபத்து

தொடக்கத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிட வேகமாக வேலை செய்தது. செத்த அணுக்களின் கழிவு ஒரேயடியாக ரத்தத்தில் கலந்ததால், பரிசோதனையின்போது சில நோயாளிகள் உயிரிழந்தார்கள். அதனால்தான் இந்த நோய்க்கு முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்து, வாரா வாரம் கூட்டி, ஐந்தாம் வாரம் 400-க்குக் கொண்டு வருகிறார்கள்.

நோயும் சும்மா இருப்பதில்லை. "எம்.சி.எல்-1" என்ற வேறு காவல்காரனை வைத்துக்கொண்டு சில அணுக்கள் தப்பிவிடுகின்றன. இப்போது அவனைக் கட்டிப் போடும் வழியை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். அணு சாகக் கற்றுக் கொண்டால்தானே மனிதன் பிழைப்பான்!