வயிற்று அறுவைக்குப் பின் நுரையீரலைக் காப்போம்

குடல்வால் வெடித்தோ, இரைப்பைப் புண்ணில் ஓட்டை விழுந்தோ, குடல் அடைபட்டோ ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறோம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும் ஆபத்து நீங்கிவிட்டதாக நிம்மதி அடைகிறோம். ஆனால், அதனை அடுத்து வரும் நாட்கள் நுரையீரலுக்குச் சோதனையான நாட்கள் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

வயிற்றில் செய்த அறுவைக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசையே நாம் மூச்சிழுக்க முதன்மையாக உதவுகிறது. மயக்க மருந்தாலும் அறுவையாலும் அது சோர்ந்துவிடுகிறது. தையல் வலிக்குமென அஞ்சி நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார், இருமலையும் அடக்குகிறார். இதனால் நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றறைகள் சுருங்கிவிடுகின்றன. அங்கே தேங்கும் சளியில் கிருமிகள் பெருகினால் நிமோனியா உண்டாகிறது.

அவசர அறுவையில் இந்த அபாயம் இன்னும் மிகுதி. வயிறு காலியாக அவகாசம் இல்லாததால், மயக்கத்தின்போது இரைப்பையில் உள்ளது மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிடக்கூடும். புகைபிடிப்பவர் அப்பழக்கத்தை விடவும் நாள் கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 441 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்பட்ட மேல்வயிற்று அறுவை பற்றியது அது. கையேடு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 27 பேருக்கு நுரையீரல் சிக்கல் நேர்ந்தது. கையேட்டுடன், அறுவைக்கு முன் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சியும் கற்றவர்களில் 12 பேருக்கே நேர்ந்தது. அவசர அறுவையில் அந்த அரை மணி நேரம் வாய்ப்பது அரிது. ஆகவே, வீட்டார் இதனை முன்னரே அறிந்து வைத்திருப்பது நலம்.

நினைவு திரும்பியபின், மருத்துவரின் அனுமதி பெற்று, நோயாளியைத் தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வையுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை, பத்துப் பத்தாக இருதடவை ஆழ்ந்து மூச்சிழுத்துச் சில நொடிகள் நிறுத்தி விடச் சொல்லுங்கள். பிறகு, தலையணையைத் தையலின்மீது அணைத்துப் பிடித்தபடி மூன்று முறை இருமச் செய்யுங்கள். வலி மிகுந்தால் மருத்துவரிடம் கூறி மருந்து கேளுங்கள்; வலியைப் பொறுத்துக்கொண்டு மூச்சை அடக்குவதே தீங்கு. மருத்துவர் அனுமதித்தவுடன் கைத்தாங்கலாக நடக்கச் செய்யுங்கள்.

காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாரித்தல், மனக்குழப்பம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவரை அழையுங்கள்.

நலம் விசாரிக்க வருவோர், "அசையாமல் படுத்திருங்கள்" என்று அன்புடன் கூறுவர். அந்த அன்புக்கு நன்றி சொல்லுங்கள். வாப்பாவையோ உம்மாவையோ மெல்ல எழுப்பி உட்கார வையுங்கள்.