மீகாமனா, காவலனா?

சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள புத்தளக் கரையோரத்திலே, மீன்பிடியும் உப்பளமுமே பிள்ளைகளின் பிழைப்பு என்றிருந்த நிலை மாறி வருகின்றது. மென்பொருட்கலை பயிலும் மாணவர் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது: கொள்கலன்களை இயக்கும் கருவிகளைக் கற்பதா, அவற்றைக் காக்கும் வித்தையைக் கற்பதா? பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நலம். செலவாவது அவர்கள் பணமன்றோ!

கொள்கலன் என்றதும் கொழும்புத் துறைமுகத்து இரும்புப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருப்பது தேயிலையா, துணியா என்று பாரந்தூக்கி கேட்பதில்லை. அவ்வாறே ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரே பொதியாகக் கட்டி, வெவ்வேறு கணினிகளில் ஓடச் செய்யும் முறையை 2013இல் வெளிவந்த டொக்கர் பரப்பிற்று. பெட்டிகள் பெருகவே, எதனை எந்தக் கணினியில் ஏற்றுவது, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்புவது எப்படி என்னும் தொல்லை பிறந்தது. அதற்கென 2014இல் கூகிள் வெளியிட்டதே குபர்னெட்டீஸ். கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு மீகாமன் என்று பொருள்.

சுக்கான் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனத்தின் குபர்னெட்டீஸ் கட்டுப்பாட்டுத் திரை, கடவுச்சொல் எதுவுமின்றித் திறந்து கிடந்தமை 2018இல் அம்பலமாயிற்று. உட்புகுந்தோர், அந்நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த கணினிகளிலேயே கிரிப்டோ நாணயம் அகழ்ந்தனர். வாடகை கம்பனிக்கு, வருவாய் கள்வருக்கு! இதில் மந்திர வித்தை எதுவுமில்லை, பூட்டாத கதவுதான். 2019 பெப்ரவரியில் வெளிப்பட்டதோ வேறு வகை. கொள்கலன்களை ஓட்டும் ரன்சீ என்னும் அடிப்படை மென்பொருளிலேயே ஓட்டை. பெட்டிக்குள் நுழைந்தவன் அதைத் தாங்கும் கணினியையே கைப்பற்றக்கூடும். திருத்திய பதிப்பை உடனே ஏற்றுவதே அதற்கு மருந்து.

அப்படியாயின் காவலையே முதலிற் கற்கலாமே எனின், கற்பிட்டிக் கோட்டையைப் பாருங்கள். 1667இல் ஒல்லாந்தர் அதனைக் களப்பு வாயிலருகே கட்டத் தொடங்கியது, கண்டி இராச்சியத்தின் வாணிபம் அவ்வழி நடப்பதை அறிந்தே. தோணி போகும் வழி அறியாதவன் காவலை எங்கே வைப்பான்?

பரீட்சை நடத்துவோரும் இம்முறையையே கொண்டுள்ளனர். குபர்னெட்டீஸ் பாதுகாப்பு நிபுணர் தேர்வு 2020இல் தொடங்கியது. அதனை எழுத, முதலில் நிருவாகித் தேர்வில் தேறியிருத்தல் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், அதுவும் டாலரில். ஆதலால் எடுத்த எடுப்பிலேயே பணங் கட்டுவதை நான் விரும்பேன். மினிகியூப் என்னும் இலவச மென்பொருள், வீட்டு மடிக்கணினியிலேயே ஒரு சிறு குபர்னெட்டீஸை அமைத்துத் தரும். அதில் இயக்கிப் பழகும் நாள்தொட்டே, எந்தக் கொள்கலனையும் முழு அதிகாரத்துடன் ஓடவிடாமை, கடவுச்சொற்களைப் பொதிக்குள் வைத்துக் கட்டாமை, பிறர் கட்டிய பொதியைச் சோதியாது ஏற்றாமை ஆகிய மூன்றையும் பழக வேண்டும். கட்டணத்தைப் பற்றி வீட்டாருடன் அதன்பின் பேசலாம்.