உவர்நீரும் மீன்குஞ்சின் குருதியும்

ஆனைமலைப் பகுதியின் நீரைத் தாங்கிவரும் பாரதப்புழை, பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேற்கு நோக்கி ஓடி, ஆனைக்கரை ஊரின் அருகே சென்று, பொன்னானியில் அரபிக்கடலுடன் கலக்கின்றது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் கடல்நீரைப் புறந்தள்ளுவதால் கழிமுகத்து நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் ஆறு மெலிந்ததும், ஓதத்துடன் உப்புநீர் உட்புகும். இடுக்கி மலைகளினின்று இறங்கும் பெரியாற்றின் கழிமுகத்திலும் இதே நிலைதான். இவ்வாறு மாறி வரும் நீரில் மடவை, கொடுவா, கரிமீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்கின்றன. இவை எங்ஙனம் உயிர் தரிக்கின்றன என்பதற்கு விடை அவற்றின் குருதியில் உள்ளது.

கடல்நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு உண்டு. எலும்பு மீன்களின் குருதியிலோ உப்பின் செறிவு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. மீன் ஆற்றில் இருப்பினும் கடலில் இருப்பினும் இவ்வளவு பெரிதும் மாறலாகாது. ஆனால் நீர், மெல்லிய சவ்வின் வழியே செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்குச் செல்லும் இயல்புடையது. மாங்காய்த் துண்டில் உப்பிட்டு வைத்தால் நீர் விட்டுச் சுருங்குவது இதனாலேயே. எனவே நன்னீரில் உள்ள மீனின் உடலுக்குள் நீர் ஓயாது புகுகின்றது. கடல் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாது வெளியேறுகின்றது.

நன்னீர் மீன் மிகுதியான நீர்த்த சிறுநீரைக் கழித்து, இழந்த உப்பைச் செவுள்களின் மூலம் நீரிலிருந்து ஈர்த்துக்கொள்கின்றது. கடல் மீன் உப்புநீரைப் பருகி, வேண்டாத உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றது. இப்பணியைச் செய்யும் சிறப்பு உயிரணுக்களை 1932-ஆம் ஆண்டில் கீஸ், வில்மர் என்னும் இரு விஞ்ஞானிகள் விலாங்கு மீனின் செவுளில் கண்டு விவரித்தனர். ஆற்றிலும் கடலிலும் வாழவல்ல மீன், இடம் மாறும்போது இவ்வணுக்களின் வேலையையே திசைமாற்றிக்கொள்ள வேண்டும். நன்னீர் வாழ்வுக்குப் புரோலாக்டின், கடல்நீர் வாழ்வுக்குக் கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்கள் துணைபுரிகின்றன. இம்மாற்றம் ஒரு நொடியில் நிகழ்வதன்று. பல மணி நேரமோ, சில நாட்களோ வேண்டும்.

அந்த இடைவேளையே ஆபத்தானது. நன்னீரிலிருந்து திடீரென உப்புநீரில் விடப்பட்ட குஞ்சின் குருதி நீரை இழந்து தடிக்கின்றது; சோடியமும் குளோரைடும் ஏறுகின்றன; செங்குருதி அணுக்கள் சுருங்குகின்றன. எதிர்மாறாக நன்னீரில் விடப்பட்டால் குருதி நீர்த்துப்போய், அணுக்கள் வீங்குகின்றன. பெரிய மீனைவிடக் குஞ்சுக்குத் துன்பம் மிகுதி. ஏனெனில் உடலின் எடையோடு ஒப்பிடுகையில் அதன் மேற்பரப்பு அதிகம். முட்டையிலிருந்து அண்மையில் வெளிவந்த குஞ்சுக்குச் செவுளும் முற்ற வளர்ந்திராது. அப்பருவத்தில் தோலிலும் கருவுணவுப் பையின் மேலும் உள்ள அணுக்களே உப்பைச் சீராக்குகின்றன.

நாம் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டு திலேப்பியா. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பெற்றது. ஜிலேபிக் கெண்டை எனத் தமிழ்நாட்டில் வழங்குகின்றது. உவர்நீரைத் தாங்குவதில் இது பெயர்பெற்றது. எனினும் நன்னீரிலிருந்து நேரே முழுக் கடல்நீருக்கு மாற்றினால் சில மணி நேரத்தில் மடிந்துவிடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. இடைத்தரமான உவர்நீரில் ஒரு நாள் அளவாவது வைத்திருந்து பின்னர் மாற்றின், அதே மீன் பிழைத்துக்கொள்கின்றது. ஆகவே கொல்வது உப்பன்று, மாற்றத்தின் விரைவே.

கள ஊழியர் இதனை மறத்தலாகாது. குஞ்சுகள் அடைத்த பையைக் குளத்தில் சிறிது நேரம் மிதக்கவிடுவது வெப்பநிலையை மட்டுமே சமப்படுத்தும், உவர்ப்பைச் சமப்படுத்தாது. விடும்போது துள்ளி ஓடும் குஞ்சுகள் மறுநாட் காலையில் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆதலின் பைநீர், குளத்துநீர் இரண்டின் உவர்ப்பையும் முன்னரே அளந்தறிய வேண்டும். வேறுபாடு சிறிதாயின், குளத்துநீரைச் சிறுகச் சிறுகக் கலந்து விடலாம். பெரிதாயின், குஞ்சுகளைத் தொட்டியில் வைத்து, நாள்தோறும் சிறிதளவாக உவர்ப்பை மாற்றிவர வேண்டும். ஆயிரத்திற்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு உப்புள்ள நீர் மீனின் குருதியோடு ஏறக்குறைய ஒத்திருப்பதால், இடைத்தங்கலுக்கு அது ஏற்றது. உவர்நீரில் கரையும் பிராணவாயு நன்னீரைவிடக் குறைவாதலால், தொட்டியில் நெரிசல் கூடாது.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரே அளவான உருளைக்கிழங்குத் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றை நன்னீரிலும் மற்றொன்றை உப்புக் கரைசலிலும் இட்டு, சில மணி நேரம் கழித்துப் பார்க்கச் செய்க. முன்னது விறைத்தும் பின்னது துவண்டும் இருக்கும். கிழங்கு வாளாவிருக்கும், மீனோ உயிருள்ளவரை அதனை எதிர்த்து உழைக்கின்றது. அவ்வுழைப்புக்கு வேண்டிய காலத்தைக் குஞ்சுக்கு அளிப்பது அதனைக் குளத்தில் விடுவோரின் கடமையாகும்.